தோள் மாறிய கைப்பை

என் கணவனைப் பின்தொடர்வதுதான் என் தொழில். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே அதுதான். நாங்கள் இரண்டு பேரும் துப்பறிகிறவர்கள். கண்காணிக்க வேண்டிய ஆளுக்குப் பின்னால் அவன் போவான். அவனுக்குப் பின்னால், எதிர்ப்பக்க நடைபாதையில், நான் போவேன். அவன் கண் அந்த ஆள் மேல் இருக்கும், என் கண் இவன் முதுகின் மேல் இருக்கும். இவனை வேறு யாராவது தொடர்கிறார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, கைப்பேசியை அணைத்து வைக்க வேண்டும். இரண்டும் நான் போட்ட விதிகள். பின்னால் ஆள் இருப்பது தெரிந்தால் நான் வேகமாக நடந்து அவன் கண்ணில் படுகிற இடத்துக்கு வந்து, கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிப் போடுவேன். அவ்வளவுதான் சைகை. அதைப் பார்த்ததும் அவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கூட்டமான ஒரு கடைக்குள் போய்விட வேண்டும்.

அவனை நான் நெட்டை என்று கூப்பிடுவேன். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு ஒருவரை ரகசியமாகத் தொடர்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவன் மறைத்தான். "இவ்வளவு உயரமா இருக்கறவன் ஒளிஞ்சு வருவான்னு எவனும் நெனைக்க மாட்டான் பார்ட்னர்" என்பான். என்னை அவன் பார்ட்னர் என்றுதான் கூப்பிடுவான், கல்யாணத்துக்கு முன்பும் சரி, பின்பும் சரி. கோபம் வந்தால் மட்டும் மரியாதை வந்துவிடும். "மேடம் சொன்னா சரிங்க" என்று அவன் சொன்னால் அன்று வீட்டில் அடுப்பு எரியாது.

கொஞ்ச காலமாக நான் மேடமாகவே இருந்தேன்.

காரணம் நீதான் என்பான் அவன். நடந்தது இது. கூப்பிட்டால் அவன் திரும்பாமல் இருக்க ஆரம்பித்திருந்தான். "செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி நிக்கறியே" என்று நான் கேலி செய்வேன். பதிலுக்கு அவனும் ஏதாவது சொல்வான். ஒரு நாள் பதில் சொல்லாமல் முகம் சுருங்கி எழுந்து போனான். பிறகு சனிக்கிழமை மதியங்களில் எங்கே என்று சொல்லாமல் வெளியே போகத் தொடங்கினான். ஊரார் வீட்டுச் சந்தேகத்தில் பிழைப்பு நடத்துகிறவளுக்குச் சொந்த வீட்டில் சந்தேகம் வராதா? பின்னாலேயே போனேன். பெண்ணும் இல்லை, மண்ணும் இல்லை. காது மருத்துவமனை.

வெளியே வந்தவன் வாசலில் என்னைப் பார்த்து நின்றுவிட்டான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனுக்குக் கோபம்தான் வந்தது.

"இடது காது போயிடுச்சு. இனிமே வராதாம்," என்றான். "நானே சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரலை. இப்ப சொல்றதுக்கு என்ன இருக்கு? நீதான் கண்டுபிடிச்சிட்டியே. அதைச் சொல்ற உரிமையாவது எனக்கு இருந்துச்சு. அதையும் விசாரிச்சு எடுத்துக்கிட்டே."

"பயமா இருந்துச்சுடா."

"பயமா இருந்தா கேக்கணும். வேவு பாக்கக் கூடாது. இனிமே என் பின்னால வராதே. வேலைக்கும் சரி, எதுக்கும் சரி."

அன்றிலிருந்து நான் எதிரே வந்தால் வேவு, எங்கே போகிறாய் என்று கேட்டால் விசாரணை. குளியலறைக் கதவைத் தட்டினால்கூட, "சோதனை போட வந்திருக்கீங்களா மேடம்?" என்றான். எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? நானும் பேச்சைக் குறைத்தேன். ஒரே வீட்டில், ஒரே அலுவலகத்தில், இரண்டு பேர் சுவரோடு பேசிக்கொண்டிருந்தோம்.

இந்தச் சமயத்தில்தான் டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவருடைய தங்கையைக் காணவில்லை. தங்கையின் கணவர் மரக்கடை வைத்திருக்கிறார். பெரிய கடை, பின்னால் அறுவை மில். "உங்க தங்கச்சி ஓடிப்போயிட்டா, எனக்குத்தான் அவமானம்" என்று அவரே எல்லோரிடமும் அழுகிறாராம். வயது வந்த பெண் தானாகப் போயிருக்கிறாள் என்று போலீஸ் கை கழுவிவிட்டது.

"அவ ஓடற பொண்ணு இல்லைங்க," என்றார் டீச்சர். "பல்லியப் பாத்தாலே கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டு என்னைக் கூப்பிடுவா. அவ எங்கங்க தனியா ஓடுவா?"

நெட்டை அந்த வேலையைத் தனியாக எடுத்துக்கொண்டான். பல நாட்கள் மரக்கடைப் பக்கம் சுற்றினான், முதுகுக்குப் பின்னால் என் கண் இல்லாமல். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அவன் எடுத்து வந்த படங்களைப் பார்த்து ஆட்களை அடையாளம் பிரித்துவைத்தேன். மரக்கடைக்காரரின் வேன் டிரைவர் எல்லாப் படத்திலும் இருந்தான். எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பான். அவனுக்குப் பொத்தான் என்று பெயர் வைத்தோம். கோபத்திலும் பெயர் வைக்கிற பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

இன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டே நெட்டை சொன்னான், என்னிடம் இல்லை, அலமாரியிடம்.

"மரக்கடைக்காரனுக்கு ஊருக்கு வெளியே பழைய குடோன் ஒண்ணு இருக்கு. பூட்டியே கெடக்குது. பூட்டிக் கெடக்கற குடோனுக்கு எதுக்கு தினமும் சாப்பாடு போகுது? போய்ப் பாத்துட்டு வரேன்."

"நானும் வரேன்."

"வேண்டாங்க மேடம்."

"குடோன் எங்க இருக்குன்னாவது சொல்லிட்டுப் போ."

"கண்டுபிடிச்சுக்கோங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."

படியிறங்கிப் போய்விட்டான். எங்கள் அலுவலகம் ஒரு சாவிக்கடைக்கு மேலே, முதல் மாடியில். ஜன்னலைத் திறந்து அவன் தலையைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், கை கேட்கவில்லை. அவன் தெருவில் இறங்கி நடந்தான். சாவிக்கடை வாசலில் சாவி எதுவும் கொடுக்காமல் நின்றுகொண்டிருந்த ஒருவன் நகர்ந்து அவன் பின்னால் நடந்தான். கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தான்.

நெட்டையின் கைப்பேசியை அழைத்தேன். அணைத்திருந்தது. விதி போட்டவளே நான்தானே. கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஓடியது தெருமுனை வரைதான். அதற்கப்புறம் பழக்கம் கால்களைப் பிடித்துக்கொண்டது. ஓடினால் பொத்தானுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன செய்வானோ. எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினேன். வேகமாக நடந்து அவர்களைத் தாண்டி முன்னால் போய் நின்று பையை மாற்றிப் போட்டால் முடிந்தது. எத்தனையோ முறை செய்ததுதான். கண்ணாடிக் கடை, மருந்துக்கடை, தையல் மெஷின் பழுது பார்க்கிற கடை என்று ஒவ்வொன்றாகக் கடந்து நெருங்கிவிட்டேன்.

கண்ணாடிக் கடையில் விழுந்த என் பிம்பம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். நெட்டையின் தோள் லேசாக இறுகியது. அந்த முதுகை எனக்கு என் முகத்தைவிட நன்றாகத் தெரியும். அவன் என்னைப் பார்த்துவிட்டான். என்னை மட்டும் பார்த்துவிட்டான்.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். அதுதான் வினையாகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் என்னைக் கழற்றிவிடுவதற்காக. நான் எந்தப் பக்கம் முந்துவேன், எந்த வாகனத்துக்குத் தயங்குவேன், எல்லாம் அவனுக்குத் தெரியும். சிவப்பு விழுகிற கணத்தில் சாலையைக் கடந்தான். நான் பேருந்து ஒன்றுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டேன். பொத்தான் அவனோடேயே கடந்துவிட்டான். அவனை ஏமாற்ற யாரும் முயலவில்லை, அவனுக்கு என்ன கஷ்டம்? நண்டு நடைபோட்டு வண்டிகளுக்கு நடுவே நான் கடந்து முடித்தபோது இருவரும் ஓர் ஆறு மாடி வணிக வளாகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள்.

உள்ளே ஓடினேன். அப்போதும் நம்பிக்கை இருந்தது. கூட்டமான இடம், பிடித்துவிடலாம்.

அவன் லிஃப்ட் முன்னால் நின்றான்.

லிஃப்டில் நான் ஏற மாட்டேன். சின்ன வயதில் ஒரு முறை மாட்டிக்கொண்டதிலிருந்து அந்தப் பெட்டிக்குள் என்னால் மூச்சுவிட முடியாது. இது என் அம்மாவுக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். எங்கள் கல்யாணப் பதிவு அலுவலகம் ஏழாவது மாடியில் இருந்தது. சாட்சிகள் எல்லாம் லிஃப்டில் போக, இவன் என் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தான், மூச்சிரைக்க, மாடிக்கு ஒரு ஜோக் சொல்லிக்கொண்டு. அந்த மனிதன்தான் இன்று லிஃப்டுக்குள் ஏறித் திரும்பி நின்றான். அவனுக்கு இடது பக்கம், தோளோடு தோளாக, பொத்தான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். நெட்டையின் கண் என் மேலேயே இருந்தது, பக்கத்தில் நிற்கிறவனை அவன் பார்க்கவே இல்லை. கதவு மூட ஆரம்பித்தது.

"நெட்டை! இறங்கு! பக்கத்துல..."

நாலு எட்டு வைத்தால் கையை நடுவில் விட்டிருக்கலாம். கால் எழவில்லை. இதை எப்படிச் சொல்வது? என் கணவனின் உயிர் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று தலைக்குத் தெரிகிறது. காலுக்குத் தெரியவில்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், சின்னப் பிள்ளை பழம் விட்ட மாதிரி இல்லை, ஜெயித்துவிட்ட மாதிரி. கதவு மூடிக்கொண்டது.

படியில் விழுந்தடித்து ஏறினேன். இரண்டாவது மாடியிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஒரு நடைபாலம் போகிறது. அவன் அதில்தான் போயிருப்பான், எனக்குத் தெரியும். பாலத்தின் நடுவுக்கு வந்து கீழே பார்த்தபோது அவன் ஒரு பேருந்தில், வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின் இருக்கையில் பொத்தான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அத்தனை ஹாரன்களுக்கு நடுவில் என் தொண்டை எந்த மூலைக்கு? ஆனாலும் அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் வருவேன் என்று தெரிந்துதான் பார்த்தான். கைப்பையை இடது தோளிலிருந்து எடுத்து வலது தோளில் போட்டேன். மறுபடி இடது. மறுபடி வலது. பின்னால் ஆள், பின்னால் ஆள், பின்னால் ஆள்.

நெட்டை சிரித்தபடி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, விரலால் என்னைச் சுட்டிக் காட்டினான். தெரியுதே, நீதானே, என்று.

பேருந்து கிளம்பிவிட்டது.

கீழே இறங்கி ஒரு டாக்ஸியைப் பிடித்தேன். அந்த எண் போட்ட பேருந்தைப் பிடிக்கச் சொன்னேன். டிரைவர் வயதானவர், எதுவும் கேட்காமல் விரட்டினார். ரயில்வே கேட் மூடியிருந்தது. பேருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது, அதன் பின்புறம் சின்னதாகத் தெரிந்தது. போலீஸுக்குப் போன் செய்தேன்.

"என்னம்மா பிரச்சினை?"

"என் வீட்டுக்காரர் பஸ்ல போயிட்டிருக்காருங்க. அவருக்குப் பின்னாடி சீட்ல ஒருத்தன் உக்காந்திருக்கான்."

"பஸ்ல பின்னாடி சீட்ல ஆள் உக்காராம என்னம்மா செய்வாங்க?"

"ஐயோ, அவன் இவரை ஏதாவது பண்ணிடுவாங்க. நாங்க துப்பறியறவங்க. ஒரு பொண்ணைக் காணோம், அந்தக் கேஸ்ல..."

"வீட்டுக்காரரை நீங்களே துப்பறிஞ்சிட்டுப் போறீங்களா?"

நேரில் வந்து எழுதிக்கொடுங்கள் என்றார். நான் கெஞ்சினேன். மரக்கடைக்காரர் பெயரைச் சொன்னேன், பேருந்து எண்ணைச் சொன்னேன், பொத்தானின் சட்டை நிறத்தைச் சொன்னேன். சரக்கு ரயில் ஒன்று அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பேசிக்கொண்டிருந்தபோது காதில் இரண்டு முறை டொக் டொக் என்று கேட்டது. வேறு யாரோ என்னை அழைக்கிறார்கள். அந்த அவசரத்தில் நான் அதைப் பார்க்கவில்லை.

போனை வைத்த பிறகுதான் பார்த்தேன். அழைத்தது நெட்டை. வேலையின் நடுவே அவன் கைப்பேசியைப் போட்டது இதுதான் முதல் தடவை. நான் எடுக்கவில்லை என்று குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். திருப்பி அழைத்தேன், அணைந்திருந்தது. பதிவைக் கேட்டேன்.

"பார்ட்னர். போன் பிஸியா இருக்கு. யாருகிட்ட என்னைப் பத்திக் குறை சொல்லிட்டிருக்கே?" சிரித்தான். பேருந்தின் இரைச்சல். "விதிய மீறித்தான் போனைப் போட்டேன், திட்டாதே. லிஃப்ட்ல ஏறினது தப்பு. உன் பயத்தை வச்சு உன்னை ஜெயிச்சிருக்கக் கூடாது. நீ மேல நின்னு பைய மாத்தி மாத்திப் போட்டப்ப சிரிப்பு வந்துச்சு, பஸ் கிளம்பினதும் மனசு கேக்கலை."

அவன் மூச்சு வாங்கிய இடைவெளியில் இன்னொரு குரல், பக்கத்திலேயே, தெளிவாக: "சார், மணி என்ன ஆச்சு?"

நெட்டை பதில் சொல்லவில்லை.

"சார்."

"சனிக்கிழமை டாக்டர்கிட்ட போகணும்," என்றான் நெட்டை, என்னிடம். "நீயும் வா. பின்னால வராதே பார்ட்னர், பக்கத்துல வா."

அவன் பேச்சின் மேலேயே அந்தக் குரல் யாரிடமோ பேசியது. தணிந்த குரல்கூட இல்லை. "கேக்கலைங்க. இவனுக்கு அந்தக் காது சுத்தமா கேக்கலை. லிஃப்ட்லயே பாத்துட்டேன். பழைய மில் ஸ்டாப்ல இறக்கிடறேன். வண்டிய அங்க கொண்டாந்துடச் சொல்லுங்க."

"வலது பக்கமா வா, என்ன? அப்பதான் நீ திட்டறது கேக்கும்," என்று நெட்டை முடித்தான்.

நான் மருத்துவமனை வாசலில் ஒளிந்து நின்று தெரிந்துகொண்டதைப் பொத்தான் லிஃப்டுக்குள் நின்ற நேரத்தில் தெரிந்துகொண்டுவிட்டான்.

கேட் திறந்தது. பழைய மில் நிறுத்தத்தில் ஒரு சைக்கிள் கடை மட்டும் இருந்தது. கடைக்காரர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நெட்டையாக ஒருவர் இங்கே இறங்கினாரா என்று கேட்டேன்.

"ஆமாம்மா. பாவம், மயக்கம் போல. கூட வந்தவரு கைத்தாங்கலா இறக்கினாரு. வேன் ஒண்ணு வந்துச்சு, ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. நல்ல மனுஷங்க. இந்தக் காலத்துல யாரு அப்படிச் செய்வாங்க?"

வேன் எந்தப் பக்கம் போனது என்று அவர் கவனிக்கவில்லை. மூன்று சாலைகள் பிரிகிற இடம் அது. மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்ஸி டிரைவர் இறங்கி வந்து, "ஸ்டேஷனுக்குப் போயிடலாம்மா" என்று கதவைத் திறந்துவிட்டார்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாகத்தான் நடந்தது. அந்தக் குரல் பதிவைக் கேட்டதும் ஸ்டேஷனில் நாற்காலிகள் நகர்ந்தன. அதிகாரி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். மரக்கடைக்காரரைக் கூட்டி வந்தார்கள். குடோன் இருக்கும் இடத்தை அவருடைய கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் பூட்டை உடைத்துவிட்டார்கள். டீச்சரின் தங்கை உள்ளே இருந்தாள். உயிரோடு இருந்தாள். ஒரு போலீஸ்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் கண்ணில் பட்டுக் கூசக் கூச நடந்து வந்தாள்.

டீச்சர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கணும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "அவரு எங்க? அவரைப் பாக்கணுமே." யாரோ அவரை மெதுவாக விலக்கி அந்தப் பக்கம் அழைத்துப் போனார்கள்.

குடோனில் நெட்டை இல்லை. வேனும் இல்லை, பொத்தானும் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது, டிரைவர் என்ன செய்தான் என்று அவனைத்தான் கேட்க வேண்டும் என்கிறார் மரக்கடைக்காரர். எல்லாச் சாலைக்கும் சொல்லியிருக்கிறோம், தைரியமாக இருங்கள் என்கிறார் அதிகாரி. தைரியமாக இருந்து என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

இப்போது ஸ்டேஷனில் அதிகாரியின் மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். பொத்தான் போனில் பேசியது யாரிடம், பின்னால் வேறு ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பதிவைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அந்த இடத்தை மட்டும் போடுங்களேன் என்று கேட்டுப் பார்த்தேன். முதலிலிருந்து கேட்டால்தான் பிடிபடுகிறதாம். அதனால் ஒவ்வொரு முறையும் அவன் பார்ட்னர் என்று கூப்பிடுகிறான். ஒவ்வொரு முறையும் சிரிக்கிறான். சார், மணி என்ன ஆச்சு என்று அந்தக் குரல் கேட்கிறது. அறையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிறது, வாசலில் நிற்கிற காவலருக்குக்கூட.

"என்னம்மா பண்றீங்க? உக்காருங்க," என்றார் அதிகாரி.

அப்போதுதான் கவனித்தேன். நான் எழுந்து நின்றிருந்தேன். கைப்பையை இடது தோளிலிருந்து எடுத்து வலது தோளில் போட்டுக்கொண்டிருந்தேன்.